ரசித்துக் குடிப்பவரும் விழுங்கிவிட்டு ஓடுபவரும்

மும்பையில் சில ஆண்டுகளாக ஒரு புதுப் பழக்கம் பரவி வருகிறது. சனிக்கிழமை மாலை ஆனால் அந்தேரியிலோ, பாந்திராவிலோ, லோயர் பரேலிலோ உள்ள ஒரு விடுதிக்கு நாலு பேர் சேர்ந்து போகிறார்கள். மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். சின்னச் சின்ன கிளாஸ்களில் நாலைந்து விதமான பீர் வருகிறது. ஒன்று மஞ்சள். ஒன்று செம்பு நிறம். இன்னொன்று டிகாக்ஷன் போலக் கறுப்பு. அதை மோந்து பார்க்கிறார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆரஞ்சுத் தோல் வாசனை வருகிறது", "வறுத்த காபிக்கொட்டை போல இருக்கிறது" என்று அபிப்பிராயம் சொல்கிறார்கள். செல்போனில் அதற்கு மார்க் போடுகிறார்கள். பிறகு மேஜை மேல் ஒரு விளையாட்டை விரித்து இரண்டு மணி நேரம் ஆடுகிறார்கள்.

வீட்டில் இருந்து குடிப்பவருக்கும் ஒரு ரசனை சொல்லிக் கொடுக்கப்படுகிறது. எந்த பீருக்கு எந்த பாட்காஸ்ட் பொருந்தும் என்பது அது. பாட்காஸ்ட் என்பது பழைய ரேடியோப் பேச்சைப் போன்றதுதான். செல்போனில், நமக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில் நிறுத்திக் கேட்கலாம். கறுப்பு பீர் கனமானது, மெல்லக் குடிக்க வேண்டியது. ஆகவே அதற்கு நீளமான கொலைவழக்குக் கதை. கோதுமை பீர் லேசானது. அதற்கு கிரிக்கெட் அரட்டை. இப்படிப் பட்டியல் போட்டு, சண்டை போடாத குறையாக விவாதிக்கிறார்கள். இந்த வகை பீருக்கு "கிராஃப்ட் பீர்" என்று பெயர். பெரிய கம்பெனிகளின் ஆலையில் லட்சக்கணக்கான பாட்டில்களாக வராமல், சிறிய ஆலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி, பெரும்பாலும் அங்கேயே விற்கப்படுவது.

வடாலா ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஆன்டாப் ஹில்லுக்கோ கோலிவாடாவுக்கோ நடக்கிற நம்மவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இந்த ரசனைக்காரர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மகாராஷ்டிர சர்க்கார் 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் மது வரியில் எடுத்த முடிவைப் படித்தால் சிரிப்பு வராது. இந்த மாநிலத்தில் குடிப்பவர்கள் இரண்டு இனமாகப் பிரிக்கப்பட்டு வருகிறார்கள். ஒரு இனத்துக்கு நாற்காலி, வெளிச்சம், விளையாட்டு, பேச்சு எல்லாம் உண்டு. மற்ற இனத்துக்கு ஒரு குவார்ட்டரும், அதைக் குடித்து முடிக்கப் பத்து நிமிஷமும்தான்.

தேவ்லாலியில் பிறந்த பெயர்

இந்தச் சிறு ஆலைகளின் கதை பணக்காரர்களிடம் தொடங்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் 1971-ம் ஆண்டு, பெரிய கம்பெனிகள் ருசியே இல்லாத ஒரே மாதிரி பீரை எல்லாக் கடைகளிலும் திணிக்கின்றன என்று நாலு சாதாரண ஆட்கள் கூடி ஒரு இயக்கம் தொடங்கினார்கள். சுருக்கமாக "காம்ரா" என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வீட்டில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சினால் மத்திய அரசின் சட்டப்படி குற்றமில்லை என்று ஆயிற்று. அந்தக் காலத்தில் அந்த நாடு முழுவதும் நூறு மதுவாலைகள்கூட இல்லை. வீட்டு அடுப்பில் கற்றுக்கொண்டவர்கள் கடை போட்டார்கள். இன்று அங்கே ஒன்பதாயிரத்துக்கு மேல் ஆலைகள். இப்போது அந்த வேகமும் தணிந்துவிட்டது. 2024-ல் புதிதாகத் திறந்தவற்றைவிட மூடியவை அதிகம்.

நம் பக்கம் இது வந்து சேர்ந்தது தாமதமாக. 2009-ல் புனேயில் "டூலாலி" என்ற சிறு ஆலை வந்தது. அந்தப் பெயரைக் கேட்டு யாரோ வெள்ளைக்காரன் ஊர் என்று நினைக்க வேண்டாம். நாசிக் போகும்போது ரயில் நிற்குமே, தேவ்லாலி, அதுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குத் திரும்ப கப்பலுக்காகக் காத்திருந்த முகாம் அங்கே இருந்தது. மாதக்கணக்கில் வெயிலில் சும்மா கிடந்து புத்தி பேதலித்தவர்களை "டூலாலி" என்று கேலி செய்தார்கள். ஆங்கிலத்தில் பைத்தியத்துக்கே அது ஒரு பெயராகிவிட்டது. கப்பல் வரும் வரை பொழுது போகாமல் கிடந்த ஊரின் பெயர், பொழுது போக்கும் கடைக்கு வந்திருக்கிறது.

மும்பையில் 2013-ல் லோயர் பரேலில் மதுராதாஸ் மில் காம்பவுண்டில் "பார்க்கிங் டீர்" என்ற விடுதி திறந்தது. நகரத்தில் இந்த ரகத்தில் முதலாவது என்று பேசப்பட்டது. அடுத்த ஆண்டு "கேட்வே" என்ற கம்பெனி டோம்பிவிலியில் ஆலை வைத்தது. 2015-ல் டூலாலி அந்தேரிக்கு வந்தது. அங்கே பலகை விளையாட்டுகளை அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். கேள்வி-பதில் போட்டிகள் நடத்தினார்கள்.

டோம்பிவிலி என்றதும் நம் குமாஸ்தாக்களுக்குச் சிரிப்பு வரும். எந்த ஊரில் இருந்து தினமும் இடிபட்டு ரயில் ஏறுகிறார்களோ, அந்த ஊரில் காய்ச்சியது. அதைக் குடிப்பது பாந்திராவில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கிய வீட்டுக் காய்ச்சல், இந்த மாநிலத்தில் இன்றும் குற்றம். 1949-ம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஒரு குடம் காய்ச்சினாலும் அந்தச் சட்டத்தில் மாட்ட வேண்டியதுதான். நம் ஊர்ப் பனையேறி செய்ததை யோசித்துப் பாருங்கள். காலையில் இறக்கியது, மாலைக்குள் விற்றாக வேண்டியது, அந்த மரத்துக்கும் அந்த ஆளுக்கும் தனி ருசி உடையது. கிராஃப்ட் என்று இன்று பெருமையாகச் சொல்லும் லட்சணங்கள் எல்லாம் அதில் இருந்தன. தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் 1987-ம் ஆண்டு ஜனவரியில் மூடப்பட்டன. கள் இறக்க உரிமை கேட்டு விவசாயிகள் நடத்தும் போராட்டம் இன்னும் முடியவில்லை. நெல்லைச் சீமையில் இருந்து தாராவிக்கு வந்தவர்களில் பலருடைய பாட்டன் கையில் இருந்த தொழில் அது.

மில் இருந்த இடம்

இந்த விடுதிகள் அதிகம் முளைத்த இடம் லோயர் பரேல். அந்தப் பெயரைச் சொல்லும்போது வயதானவர்களுக்கு நினைவு வருவது பீர் அல்ல, சங்கு. 1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடிவுக்கு வரவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. நூல் சுற்றிய கூடங்கள் ஆபீஸ்களாகவும், கடைகளாகவும், கேளிக்கை விடுதிகளாகவும் மாறின. மதுராதாஸ் மில், கமலா மில், தோடி மில் என்று காம்பவுண்டுக்குப் பெயர் மட்டும் மாறவில்லை.

2017-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி நள்ளிரவு தாண்டி கமலா மில்ஸ் காம்பவுண்டில் மாடியில் இருந்த இரண்டு விடுதிகளில் தீப்பிடித்து 14 பேர் மாண்டார்கள். வெளியேற வழி சரியில்லை, மேற்கூரை எளிதில் எரியும் பொருளால் போடப்பட்டிருந்தது என்று பிறகு பேசப்பட்டது. சாலில் தீப்பிடிப்பதையே பார்த்துப் பழகிய நகரம், பணம் படைத்தவர் உட்காரும் இடத்திலும் அதே அலட்சியம் இருப்பதை அன்று பார்த்தது. நகரசபை உடனே இடிப்பு வேலையில் இறங்கியது. நாடு முழுவதும் பல நாள் அதையே பேசியது. பேச வேண்டியதுதான்.

இரண்டரை ஆண்டுக்கு முன் மால்வணியில் நடந்ததை நாடு எத்தனை நாள் பேசியது? அதைக் கீழே பார்ப்போம்.

ஒரு மில்லி என்ன விலை?

இப்போது வரிக்கு வருவோம். இந்தக் கட்டுரைக்கு முக்கியமான இடம் இது.

2025-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி மந்திரிசபை கூடி மதுவின் கலால் வரியை உயர்த்தியது. விஸ்கி, ரம், பிராந்தி வகைக்கு, உற்பத்திச் செலவைப் போல் மூன்று மடங்காக இருந்த வரி நாலரை மடங்காயிற்று. நாட்டுச் சாராயத்துக்கு, அதாவது தேசிக்கு, ஒரு புரூப் லிட்டருக்கு 180 ரூபாயாக இருந்தது 205 ரூபாயாயிற்று. தானியத்தில் இருந்து உள்ளூர்க் கம்பெனிகள் செய்ய "மகாராஷ்டிரா மேட் லிக்கர்" என்று ஒரு புது ரகமும் பிறந்தது. 180 மில்லி பாட்டிலுக்குக் குறைந்தபட்ச விலையும் வைத்தார்கள்: தேசி 80 ரூபாய், புது ரகம் 148, சாதாரண விஸ்கி-ரம் 205, உயர்ந்த அயல்நாட்டு ரகம் 360. சர்க்காருக்கு ஆண்டுக்குச் சுமார் 14,000 கோடி ரூபாய் கூடுதலாக வரும் என்று சொல்லப்பட்டது.

பீருக்கும் ஒயினுக்கும் இந்த உயர்வு கிடையாது.

ஒருதலைப்பட்சமாகச் சொல்லக்கூடாது. விடுதிக்காரர்களுக்கும் அடி விழுந்தது. உட்கார்ந்து குடிக்கும் இடங்களுக்கான வாட் வரி 5 சதவீதத்தில் இருந்து 10 சதவீதமாயிற்று. லைசென்ஸ் கட்டணமும் ஏறியது. அதை எதிர்த்து 2025 ஜூலை 14-ந் தேதி மாநிலம் முழுவதும் பார்கள் கதவடைத்தன. பீர் கம்பெனிகளுக்கும் ஒரு வாதம் உண்டு: "எங்கள் சரக்கில் ஆல்கஹால் கொஞ்சம், ஆனால் ஆல்கஹால் கணக்கில் பார்த்தால் எங்களிடம் வாங்கும் வரிதான் அதிகம்" என்கிறார்கள். விற்பனை குறைகிறதே என்று 2023 அக்டோபரில், பீர் வரியைக் குறைக்கலாமா என ஆராய சர்க்கார் ஒரு கமிட்டியே போட்டது. கொரோனா காலத்தில் 2020-ல் சிறு ஆலைகள் பீரை ஜாடியில் ஊற்றி வீட்டுக்குக் கொடுக்க அனுமதி பெற்றன. இவர்களுக்குக் கதவைத் தட்டத் தெரிகிறது.

நாட்டுச் சாராயம் குடிப்பவனுக்காக யார் கதவைத் தட்டியது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேசியில் சாதாரணமாக ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லியில் சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால். விலை 80 ரூபாய். ஒரு மில்லி ஆல்கஹால் ஏறக்குறைய ஒரு ரூபாய். கடையில் விற்கும் ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் 52 மில்லி. விலை 200 ரூபாயை ஒட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லி சுமார் நாலு ரூபாய். லோயர் பரேல் விடுதியில் 330 மில்லி கிளாஸ், 5 சதவீதம் என்றால் பதினாறரை மில்லி. கிளாஸ் 350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி 21 ரூபாய்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ரூபாய், நாலு ரூபாய், இருபத்தோரு ரூபாய். இருபத்தோரு ரூபாய் கொடுப்பவர் ஆல்கஹாலை வாங்கவில்லை. நாற்காலியை வாங்குகிறார். விசிறிக் காற்றை, சினேகிதர் பேச்சை, இரண்டு மணி நேரத்தை வாங்குகிறார். அவர் கிளாஸில் இருப்பதும் லேசான சரக்கு. ஒரு ரூபாய் கொடுப்பவருக்கு இவை எதுவும் விற்கப்படவில்லை. இருப்பதிலேயே கடுமையான சரக்கு, இருப்பதிலேயே குறைந்த விலை, இருப்பதிலேயே மோசமான இடம். மூன்றும் அவர் தலையில்தான் விழுகின்றன. இந்தியாவில் விற்கும் பீரிலும் பெரும்பகுதி ஸ்ட்ராங் ரகம்தான். காசுக்கு எவ்வளவு ஏறும் என்று பார்த்து வாங்க வேண்டிய நிலையில் ஜனங்கள் இருந்தால் வேறு எப்படி இருக்கும்?

வரி போடும்போது இதைத் திருப்பிப் போட முடியாதா? ஸ்காட்லாந்தில் 2018 மே மாதம் முதல், எந்தப் பானமானாலும் அதில் உள்ள ஆல்கஹால் அளவை வைத்துக் குறைந்தபட்ச விலை என்று சட்டம் வந்தது. முதலில் ஒரு அலகுக்கு 50 பென்ஸ். 2024 செப்டம்பரில் 65 பென்ஸ். கடுமையான மலிவுச் சரக்கு அங்கே விலை ஏறியது. லேசானது பெரிதாக மாறவில்லை. நம் மாநிலத்தில் அதை அப்படியே கொண்டுவரச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏனென்றால் இங்கே சட்டக் கடைக்குப் பின்னால் இன்னொரு கடை எப்போதும் காத்திருக்கிறது. தேசி விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைக்காரன் சந்தோஷப்படுகிறான்.

உப்பளத்து அடுப்புகள்

அந்தக் கடையின் சரித்திரம் வடாலாவுக்குப் புதிதல்ல.

1939 ஆகஸ்டில் காங்கிரஸ் மந்திரிசபை பம்பாய் நகரத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. யுத்தம் வந்து அது தளர்ந்தது. 1949-ல் புதுச் சட்டம். 1950-ல் முழு மதுவிலக்கு. மொரார்ஜி தேசாயின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் காலம் அது. சட்டம் இறுக இறுக, "ஆன்ட்டி" வீடுகளில் பின்கட்டு வியாபாரம் நடந்தது. ஆன்டாப் ஹில், கோலிவாடா, தாராவிப் பக்கத்துச் சதுப்பிலும் உப்பளத்து ஓரங்களிலும் அடுப்புகள் எரிந்தன. வெல்லமும் நவச்சாரமும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சியது, டியூபில் அடைத்து ஊருக்குள் போனது. அந்த வியாபாரத்தில் பெரிய ஆளாக வளர்ந்த வரதராஜ முதலியாரைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவார் காலத்தில் அந்த ராஜ்யம் நொறுங்கியது. 1988-ல் சென்னையில் அவர் இறந்தார். அவருக்கு முந்தைய ஆண்டே "நாயகன்" படம் வந்துவிட்டது. அவரைச் சிலர் தெய்வமாகப் பேசுவார்கள், சிலர் சபிப்பார்கள். படம் பார்த்தவர்கள் அடுப்பில் எரிந்த கையையும், அதைக் குடித்து வெந்த குடலையும் பார்க்கவில்லை என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

1960-களில் சட்டம் தளர்ந்தது. பர்மிட் முறை வந்தது. இன்றும் சட்டப்படி குடிப்பதற்குப் பர்மிட் வேண்டும். ஒரு நாள் பர்மிட் ஐந்து ரூபாய், நாட்டுச் சாராயத்துக்கு இரண்டு ரூபாய். "உடல்நலம் பேணுவதற்காக" என்று அந்தக் காகிதம் சொல்கிறது! உலக சுகாதார நிறுவனமோ 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே கிடையாது என்று அறிவித்துவிட்டது. பீருக்கு 21 வயது, விஸ்கிக்கு 25 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதும் விதி. தெரு முனையில் யார் வயது கேட்கிறார்கள்?

இத்தனை விதி இருந்தும் 2004 டிசம்பரில் விக்ரோலியில் எண்பதுக்கு மேற்பட்டோர் விஷச் சாராயத்தில் இறந்தார்கள். 2015 ஜூனில் மலாடு மால்வணியில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். 2024 ஏப்ரலில் செஷன்ஸ் கோர்ட் நாலு பேரைக் குற்றவாளிகள் என்றது. பத்துப் பேர் விடுதலையானார்கள். ஒன்பது வருஷம் ஆயிற்று. அதே 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

எல்லா இடத்திலும் ஒரே விஷம்: மெத்தனால். பெயிண்ட், வார்னிஷ் தொழிலுக்கு உதவும் ஸ்பிரிட். பார்வைக்கும் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாது. குடித்த அன்று சாதாரண போதை போலவே இருக்கும். மறுநாள்தான் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். உடம்புக்குள் அது பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. "கண்ணுக்கு முன் பனி மூட்டம் போல இருக்கிறது" என்று யாராவது சொன்னால், தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக்கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நமக்கு சயானும் கே.இ.எம்.மும் தூரமில்லை. என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்கவும் கூடாது. போலீசுக்குப் பயந்து மறைத்த இடங்களில் உயிர் போயிருக்கிறது.

ஆரஞ்சுத் தோல் வாசனையைக் கண்டுபிடிக்கிறவர் கிளாஸில் என்ன இருக்கிறது என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள். எத்தனை சதவீதம், என்ன தானியம், யார் காய்ச்சியது என்று எல்லாமே. டியூபில் வந்ததைக் குடிப்பவருக்கு மரணச் சான்றிதழ்தான் அதைச் சொல்கிறது.

காபியும் பேப்பரும்

கிராஃப்ட் பீர்க்காரர்களிடம் நமக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அவர்கள் குடியைப் பொழுதின் ஒரு பகுதியாக வைத்திருக்கிறார்கள். பேச்சு பெரிது, விளையாட்டு பெரிது, பாட்காஸ்ட் பெரிது. கிளாஸ் அதற்குத் துணை. ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்திருப்பவருக்கு அவமானம் இல்லை.

ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து ரசிப்பது நம்மவர்களுக்குத் தெரியாத வித்தையா? மாதுங்கா ஓட்டல்களில் காபியும் பேப்பரும் எத்தனை காலமாகச் சேர்ந்திருக்கின்றன! 1952-ல் இலங்கை வானொலியில் தொடங்கிய பினாக்கா கீத்மாலாவை, ஒரு சாயாவை வைத்துக்கொண்டு ஈரானி ஓட்டலில் உட்கார்ந்து கேட்ட தலைமுறை இந்த நகரத்தில் உண்டு. அந்தக் குரலுக்குரிய அமீன் சயானி 2024-ல்தான் மறைந்தார். அரோரா தியேட்டரில் ரஜினி படம், சண்முகானந்தா ஹாலில் கச்சேரி, சால் வராந்தாவில் கேரம் போர்டு, பைவ் கார்டன்சில் சீட்டாட்டம் இல்லாத வெறும் அரட்டை. கிளார்க் வேலைக்கு வந்தவர்கள் இப்படித்தான் இந்த ஊரைத் தங்கள் ஊராக்கிக் கொண்டார்கள்.

இதில் பல இடங்கள் இன்று சுருங்கிவிட்டன. சால் இடிந்து எஸ்.ஆர்.ஏ. கட்டிடம் வந்தது. வராந்தா போயிற்று, லிப்ட் வந்தது. கேரம் போர்டு வைக்க இடமில்லை. நாக்காவில் நின்று கூலிக்குப் போகிறவரும், இரண்டு ஷிப்ட் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவரும் மாலை ஏழு மணிக்கு எங்கே போய் உட்காருவார்கள்? அறையில் ஏழெட்டுப் பேர். நூலகம் கிடையாது. பார்க் கேட்டை மூடிவிடுகிறார்கள். நகரத்தில் அவரை "வா" என்று கூப்பிடும் விளக்கு ஒன்றே ஒன்றுதான் எரிகிறது. அங்கேயும் உட்கார விடுவதில்லை. நின்றபடி ஊற்றிக்கொண்டு, ஒரு பிடி உப்புக்கடலையை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்தவனுக்கு இடம் விட்டு நகர வேண்டும்.

பாட்காஸ்ட் விஷயத்தில் மட்டும் ஏழை-பணக்காரன் வித்தியாசம் குறைவு. தமிழில் சரித்திரம், சட்டம், சினிமா, பங்குச் சந்தை, கம்பராமாயணம் வரை இலவசமாகக் கேட்கக் கிடைக்கிறது. வடாலாவில் இருந்து சி.எஸ்.எம்.டி. போய்ச் சேருவதற்குள் ஒரு பேச்சில் பாதி முடிந்துவிடும். அதற்குப் பொருத்தம் எது என்று ரசனைக்காரர்கள் கேட்டால், பத்து, பதினைந்து ரூபாய் கட்டிங் சாயா என்று சொல்லலாம். ஆனால் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பது, நாலு பேர் கூடி உட்காருவதற்கு ஈடாகாது. கூடி உட்காரும் இடம் வேண்டும். சங்கங்கள் ஆண்டு விழாவுக்கும் பொன்னாடைக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை எடுத்து, ஆன்டாப் ஹில்லில் இரவு பத்து மணி வரை விளக்கு எரியும் ஒரு ஹாலும், நாலு கேரம் போர்டும், பேப்பரும் வைத்தால் என்ன? தேசி பார்களிலும் பெஞ்சு, குடிதண்ணீர், சாப்பாடு இருக்க வேண்டும் என்று லைசென்சில் சர்க்கார் கண்டிப்பாக எழுதி, எழுதியதை நடத்திக் காட்டினால் என்ன? பதினாலாயிரம் கோடியில் இதற்கு எத்தனை பைசா ஆகும்?

சொசைட்டி கையில் சாவி

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். வார்டில் உள்ள மதுக்கடையை வாக்கெடுப்பு நடத்தி மூடவைக்க இந்த மாநிலத்தில் வெகுநாளாக வழி உண்டு. வாக்குச் சீட்டில் இரண்டு படம் இருக்கும்: நிற்கும் பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. படுத்த பாட்டிலுக்கு, மராத்தியில் "ஆட்வி பாட்லி", போதிய ஓட்டு விழுந்தால் கடை மூட வேண்டும். கிராமங்களில் பெண்கள் இப்படிப் பல கடைகளை மூடியிருக்கிறார்கள். மும்பையில் கையெழுத்துச் சேர்ப்பதே பெரிய பாடு.

அதைவிட எளிதான ஒன்று 2025 மார்ச் மாதம் வந்தது. அப்போது கலால் இலாகாவின் சார்பில் துணை முதல்வர் அஜித் பவார் சட்டசபையில் அறிவித்தார்: பதிவு செய்த ஹவுசிங் சொசைட்டியின் கட்டிடத்தில் புதிதாக பீர் ஷாப்போ மதுக்கடையோ வைக்க வேண்டுமானால், அந்த சொசைட்டியின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். எஸ்.ஆர்.ஏ. கட்டிடங்களில் தரைத்தளத்தில் கடைகள் இருக்கின்றன. மேலே நம்மவர்கள் குடியிருக்கிறார்கள். அந்தக் கட்டிடமும் பதிவு செய்த சொசைட்டிதான். பொதுக்குழு நோட்டீஸ் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ வருகிறது; படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுகிறோம். அடுத்த நோட்டீஸ் வரும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளையை விட்டாவது வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். கடை நம்பரும் "நோ அப்ஜெக்‌ஷன்" என்ற வார்த்தையும் ஒரே வரியில் இருந்தால், அன்று வீட்டில் உள்ள பெண்கள் கூட்டத்துக்குப் போகட்டும். அது எந்தக் கடைக்கு என்று தலைவரிடம் கேட்டு, பதிலை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லட்டும்.